ஆமை விளக்கு எரிந்த கார்

இதை எழுத நீ யார் என்று நீங்கள் கேட்கலாம். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். காரைப் பற்றித் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்தால் வாயைத் திறக்காதவள் நான். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய மின்சாரக் கார் அது. வாங்கிக் கொஞ்ச நாளிலேயே வரப்பில் வழுக்கி விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டார். உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். காலுக்குப் பயிற்சி எடுக்க வாரா வாரம் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கியர் இல்லாத வண்டி என்பதால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கினேன்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த இடம் எனக்குப் பிடித்துப் போயிற்று. ஓட்டும்போது யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அவர் ஊர்க்கதை எல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். நான் உம் கொட்டினால் போதும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அவ்வளவு நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்தக் காரில்தான்.

மாசியில் கார் மந்தமாகிவிட்டது. புத்தூர் வரை நன்றாக ஓடும். தாண்டினால், எவ்வளவு அழுத்தினாலும் வேகம் எடுக்காது. எதிரே திரையில் சின்னதாக ஓர் ஆமைப் படம் மஞ்சளாக எரியும். திருப்பதி மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"கொழந்தையத் தட்டித் தூங்க வக்கிற மாதிரி வக்கிற கால. நல்லா அமுக்கும்மே" என்றார் வீட்டுக்காரர்.

"அடி வரைக்கும் அமுக்கிக்கினுதான் கீறேன்."

"அப்போ ஆமய ஏன் காட்டுது? ஓட்றது யாருன்னு அதுக்கும் தெரிஞ்சி போச்சி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரியில் இறங்கும்போது, "எங்கியாவது ஏத்தத்துல நின்னுட்டா நான் எறங்கித் தள்ளவும் முடியாது. அடுத்த வாரம் ஒரு வாட்டி நீயே ஓட்டு. அதுக்கு அப்பறம் நம்ம டிராக்டர் ஓட்றவன வரச் சொல்றேன். நீ ஏன் பயந்துக்கினு ஓட்டணும்?" என்றார். என் மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான். எனக்குப் பயமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்ததை எல்லாம் பார்த்தேன். கால்மிதி நகர்ந்து பெடலுக்கு அடியில் முட்டுகிறதா என்று அதை எடுத்தே போட்டேன். சிக்கனமாக ஓட்டும் பட்டன் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பங்க்சர் கடையில் டயருக்குக் காற்று பிடித்தேன். அடுத்த முறை போனபோதும் புத்தூர் தாண்டியதும் ஆமை வந்துவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். பயிற்சி முடியும்வரை ஆஸ்பத்திரி மர நிழலில் நின்ற கார், கிளம்பும்போது பழையபடி துள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் திரும்ப மந்தம்.

அன்றைக்கே வழியில் இருந்த ஷெட்டில் காட்டினோம். மெக்கானிக்கும் எங்கள் வயதுக்காரர்தான். வீட்டுக்காரர் தெலுங்கில், பேட்டரி போயிருக்கும், இல்லாவிட்டால் இவள் கால்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாவிட்டால் அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். எப்படியோ வாய் வந்தது.

"ரொம்ப நேரம் ஓடினாத்தான் அப்டி ஆவுது. நிழல்ல நின்னு ஆறினா சரியாப் போவுது. கிரைண்டர்ல மாவு நெறைய ஆட்டினா சூடாயி திணறுமே, அந்த மாதிரி."

மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சின்னக் கருவியைக் காரில் செருகி, "நிஜம்தாம்மா, சூடு ஏறிக்கினுதான் கீது. சூடானா வண்டியே தன் வேகத்தக் கொறச்சிக்கும்" என்றார். முன்பக்கம் அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். பொலபொலவென்று காய்ந்த செடியும் தூசியுமாகக் கொட்டியது. கூடவே கொஞ்சம் கொள்ளும்.

"இதேமிட்டிம்மா, என்னா இது? காருக்குத் தீனி வச்சிக்கினு சுத்துறீங்களா? ரேடியேட்டரே அடச்சிக்கினு கீது. காத்து எப்டிப் போவும்?"

எங்கள் பக்கம் அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடையும். மாசித் தொடக்கத்தில் விஜயபுரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் வீட்டு ரோட்டில் அன்றைக்கு வண்டி நடமாட்டமே இல்லை. "உன் காரு சும்மாதான நிக்குது, ரெண்டு சுத்து வாம்மா" என்றார் நாத்தனார். வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊன்றுகோலை நீட்டி, "முன்னாடி வா, ரிவர்ஸ் வா, அந்த ஓரம் உடையல பாரு" என்று வேலை வாங்கினார். சாயங்காலம்வரை நானும் ஓட்டினேன். காரின் முன்பக்கம் காற்றை இழுக்கும்போது கொள்ளுத் தோலும் சருகும் உள்ளே போகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"கொள்ளு மேல யாரும்மா ஓட்டச் சொன்னது?" என்றார் மெக்கானிக்.

நான் கீழே பார்த்தேன்.

"நான்தாம்பா" என்றார் வீட்டுக்காரர், ஷெட் கூரையைப் பார்த்துக்கொண்டே. "எங்க அக்கா மேல பாசம்."

காற்றடித்து, தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் சுத்தம் செய்தார்கள். திரும்பும்போது வடமாலப்பேட்டை தாண்டி ஒரு கரும்பு டிராக்டரை முந்தினேன். வீட்டுக்காரர் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாம்மே. எனக்கு இன்னொரு கால்தான் கீது."

ஆமை வரவில்லை. புத்தூர் வந்ததும் அவரே போனை எடுத்து டிராக்டர் ஓட்டுபவரிடம் பேசினார். "வேணாம்பா. எங்க வீட்லயே ஓட்றாங்க, நல்லாவே ஓட்றாங்க." நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன்.

மறுநாள் விடியற்காலை, திருப்பதிக்கும் அந்தப் பக்கம் இருக்கும் சந்திரகிரியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.