நான் வெட்டிய பெயர்

சென்ற வருடம், நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது. கல்முனையில் ஓர் உதவி நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். வெளிநாட்டுக் காசு நின்றுவிட்டது, ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் அரிசி, பருப்பு போன்ற உலர் உணவு இந்த மாதத்தோடு நிறுத்தம் என்று கடிதம் வந்தது. எழுதியவர்கள் ஏசி அறையில் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியவள் நான்.

பாலமுனையில் ஒரு விதவை; ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். நான்கு பிள்ளைகள், கருவாடு காயவைத்துப் பிழைப்பவர். நான் போனபோது உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். அளந்ததில் ஒரு பிடியை எடுத்துத் தகர டின்னில் போட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் பள்ளிவாசலுக்கென்று எடுத்துவைக்கும் பிடியரிசி.

எனக்கு எரிச்சல் வந்தது.

"நிவாரண அரிசியிலயும் பள்ளிக்குப் பிடியரிசியா ராத்தா? இனி அதுவும் வராது. நிப்பாட்டிட்டாங்க" என்றேன்.

அவர் அழவில்லை, ஏசவில்லை. "மறுகா காக்காட பாடு என்ன?" என்றுதான் கேட்டார்.

காக்கா, அண்ணன், என்று அவர் சொன்னது அடுத்த வீட்டு வளவில் தனியாக இருக்கும் மீனவரை. பக்கவாதத்தில் ஒரு கை, கால் விழுந்த மனிதர். முந்தின வருடம் காசு குறைந்தபோது, தனி ஆட்களைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அவர் பெயரை வெட்டியது நான்தான்.

"இது பள்ளிக்கில்ல மிஸ், நீங்க வெட்டின ஆளுக்கு. முன்னயே சொல்லியிருந்தா என்ட பேரையும் வெட்டியிருப்பீங்க" என்று சிரித்தார்.

ஓம், வெட்டித்தான் இருப்பேன். வாங்குவதைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

டின்னை ஒரு பையில் கொட்டி என் கையில் தந்தார். "இண்டைக்கு நீங்களே கொண்டு குடுங்க."

கொண்டுபோனேன். அந்த மனிதர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். கோணிய வாயால், "மிஸ், என்ட பேரத் திருப்பிப் போட்டுட்டீங்களா?" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில்.

"ஓம்" என்றேன்.

அடுத்த மாதம் என் வேலையும் போனது. இப்போது ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். வீட்டில் உலை வைக்கும்போது நானும் ஒரு பிடி எடுத்துவைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அந்த மீனவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ராத்தாவும் தன் பங்கை நிறுத்தவில்லை. அந்த மனிதரோ, பெயர் பட்டியலில் திரும்பிவிட்டதாக நம்பி, அந்த நிறுவனத்துக்காகத்தான் இறைவனிடம் துஆக் கேட்கிறார். கேட்கட்டும். இத்தனை வருடம் பட்டியலோடு அலைந்து நான் செய்த ஒரே ஒழுங்கான வேலை, அன்று சொன்ன அந்தப் பொய்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.