ஹேங் ஆகாத கம்ப்யூட்டரால் வந்த வினை

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த என் பெரியப்பா, யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒன்று சொல்வார்: "பிழை எண்டது எப்பவும் மேல இருந்துதான் வரும் தம்பி, கீழ இருக்கிறவன்..." அதற்குப் பிறகு துடைப்பான் என்றாரா, சுமப்பான் என்றாரா, எனக்கு மறந்துவிட்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலுக்கு இரண்டுமே பொருந்தும். மெஷினுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு மனிதர்களிடம் திட்டு வாங்குகிற தொழில் இது. வாசிக்கிறவர்களில் அதே தொழில்காரர் யாராவது இருந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நாம் ஒரே சாதி.

தொண்ணூறுகளின் நடுவில் லண்டனிலிருந்து திரும்பினேன். நாற்பதைத் தாண்டியவனுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் கடைதான் வேலை கொடுத்தது, அதுவும் நிபந்தனையோடு. போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸ். கப்பலேறும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பத்திரம் தயாரிக்கிற இடம். அங்கே பிரிண்ட் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிடும். கடை முதலாளி ராமன் என்னைவிடப் பத்து வயது இளையவர். அழகாகவே சொன்னார்: "அந்த ஹேங் நின்னுடுச்சுன்னா நீங்க நிரந்தரம், அண்ணே. நின்னதுக்கப்புறம் மறுபடி ஹேங் ஆச்சுன்னா, வேற இடம் பார்த்துக்குங்க."

ஒப்புதல் வாக்குமூலம்

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி, தன் சரக்கில் இன்ன கோளாறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் அனுப்புகிற குட்டி மருந்துதான் ஹாட்ஃபிக்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். மோடம் முனகி முடிக்கும்வரை காத்திருந்து, பட்டியலை இறக்கி, பிரிண்ட் எடுத்து ரயிலில் படித்துக்கொண்டே போவேன். 'சில சமயங்களில் கணினி நின்றுவிடலாம். இது எங்கள் பிழை என்பதை உறுதிசெய்கிறோம்' என்று பக்கம் பக்கமாக இருக்கும். இவ்வளவு நாகரிகமாகத் தவறை ஒப்புக்கொள்கிறவர்களை நான் என் சொந்தபந்தத்தில்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஆபீஸின் தலைமைக் கிளார்க் சரோஜா அக்கா. ஆபீஸ் திறந்த நாளிலிருந்து இருக்கிறவர். நான் போன முதல் நாளே பட்டியலை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு தப்பு பண்ணியும் இவங்களை யாரும் வேலையை விட்டுத் தூக்கலையா, லண்டன் தம்பி?"

ராகு காலம்

என் பிரச்சினைக்குப் பொருந்துவதுபோல் ஒரு நம்பர் கிடைத்தது. ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் போய் நின்றேன். ஆபீஸ் முதலாளி சொக்கலிங்கம் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டித் தடுத்தார். ராகு காலம். மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். கடைக்குப் புது விளக்குமாறு வாங்குவதற்குக்கூட நேரம் பார்ப்பவர்கள். உட்கார்ந்து இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ குடித்தேன். உச்சி வெயிலில் நல்ல நேரம் பிறந்ததும் ஊதுபத்தி ஏற்றி, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள்.

ஹாட்ஃபிக்ஸைப் போட்டேன். திரை நீலமாகி அப்படியே நின்றது. நம்பர் மாறிப்போயிருக்கிறது, இது இன்னொரு கோளாறுக்கான மருந்து. சொக்கலிங்கம் கோபப்படவில்லை. என் தோளில் கை வைத்து நிதானமாகக் கேட்டார்: "நம்ம ராகு காலம் முடிஞ்சிடுச்சு, சரி. அமெரிக்காவுல இதைச் செஞ்சவனுக்கு இப்போ என்ன காலம்னு பார்த்தீங்களா?"

ஒரிஜினல்

அடுத்த நம்பர் பலித்தது. பிரிண்டர் ஓடியது. ராமன் போனிலேயே என்னைப் பாராட்டினார். நான்கு நாள் கழித்து மறுபடி ஹேங்.

போய்ப் பார்த்தால் மேசையில் புது பிரிண்டர். சொக்கலிங்கமே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பழைய சிடியைப் போட்டு அதை மாட்டியிருக்கிறார். அந்தச் சிடியைத் தொட்டால் போதும், நாம் மாற்றி வைத்த நல்ல ஃபைலின் மேல் பழைய கோளாறு ஃபைல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹாட்ஃபிக்ஸை முதலிலிருந்து போடவேண்டும். இதை மூன்று பாஷையில் விளக்கினேன். அவருக்கு மனது கேட்கவில்லை.

"ஒரிஜினல் சிடிதானே லா போட்டேன்! ஒரிஜினல்ல எப்படிக் கோளாறு இருக்கும்?"

ஆரோக்கியம்

இந்த முறை ஹேங் உண்மையாகவே நின்றது. சிடியை ராமனின் கடைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்; தப்பு என்னுடையதல்ல என்று அவரும் அந்த ஒரு தடவை விட்டுவிட்டார். ஆனால் ஆபீஸில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. மெஷின் ஹேங் ஆனால்தான் எல்லாரும் கீழே இறங்கிப் போய் ரொட்டி சானாய் சாப்பிடுவார்கள், அது போச்சு. பத்திரம் தாமதமானால் சொக்கலிங்கம் வாடிக்கையாளரிடம் போனில் "சிஸ்டம் டவுன் லா, பாஸ், என்ன செய்ய?" என்று பாடுவார், இப்போது பின்னால் பிரிண்டர் கறக் கறக்கென்று ஓடுவது எதிர்முனைக்கே கேட்டது.

பத்திரங்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள்காரர் மணியம், ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்: "முன்னெல்லாம் இந்த ஆபீஸ்ல ஒரு நிம்மதி இருந்துச்சு, அண்ணே."

ஒரு ஆள் வேண்டும்

அந்த மாதமே ஒரு கன்டெய்னர், ஏறவேண்டிய கப்பலைத் தவறவிட்டது. காஜாங்கிலுள்ள ஒரு ஃபேக்டரியின் ரப்பர் கையுறைகள். சரோஜா அக்கா பத்திரத்தை நேரத்துக்குத் தயார் செய்து கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடவேண்டிய சொக்கலிங்கம் அதைக் காரில் வைத்துக்கொண்டு செலாயாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்துவிட்டார். ஃபேக்டரி மேனேஜரிடம் வழக்கம்போல கம்ப்யூட்டரைச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் நம்பவில்லை. மத்தியானம் நேரில் வருகிறேன், மெஷின் என் கண் முன்னால் ஹேங் ஆகவேண்டும், ஆகாவிட்டால் டைப் அடித்த ஆளை வீட்டுக்கு அனுப்பு, இல்லையென்றால் சரக்கை வேறு ஆபீஸுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

சொக்கலிங்கம் என்னைக் கூப்பிட்டனுப்பி, அறைக் கதவைச் சாத்தினார்.

"அந்த ஹாட்ஃபிக்ஸை எடுத்திடுங்க. இல்லேன்னா சரோஜாவைத்தான் நிறுத்தணும். மகள் காலேஜ்ல படிக்குது, பாவம்."

"பத்திரம் உங்க கார்லதானே இருந்துச்சு?"

"அது சரி லா. ஆனா என்னை நானே எப்படி வேலையை விட்டு நிறுத்திக்கிறது?"

"மறுபடி ஹேங் ஆனா என் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"ராமன் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? ஹேங் ஆகுதுன்னுதான் சொல்லணும். நீங்க லண்டன் பார்த்தவரு, எங்கேயும் பொழைச்சுக்குவீங்க."

வெளியே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். சுவர் மெல்லிசு, சரோஜா அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். பக்கத்திலிருந்த பழைய டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"என் மூஞ்சியைப் பார்க்காதீங்க தம்பி, உங்க வேலையைப் பாருங்க. எடுக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்க. என் டிபன் கேரியரைக் கழுவி எடுத்துக்கிறேன்."

கீழே மேனேஜரின் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது; அந்த ஆபீஸில் நான் உருப்படியாகச் செய்த ஒரே ரிப்பேரை என் கையாலேயே கழற்றினேன்.