செண்பகத்துக்கு என்ன நட்சத்திரம்?

ஆந்திர எல்லையோரத்துச் சத்தியவேட்டில் தனபாக்கியத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். அவள் ஆரம்பித்த காரியங்களை ஏற்ற ஒரு லாரி வேண்டும். முடித்த காரியங்களை முந்தானையில் முடிந்துகொள்ளலாம். தையல் கிளாசுக்குப் போனாள், ரவிக்கைக்குக் கை வைக்கும் பாடம் வந்தபோது நின்றுவிட்டாள். கொல்லையில் முருங்கை நட்டாள், வேலி போடவில்லை. மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது.

கதை எழுதுவதிலும் அதே லட்சணம்தான். செல்போனில் கதை எழுத ஆரம்பித்து நாலைந்து வருஷமாகிறது. ஆரம்பம் என்றால் அப்படியொரு ஆரம்பம்! படிக்கிறவர்கள் அடுப்பில் பாலை மறந்துவிடுவார்கள். பாதியில் போய் ஒரு மேட்டில் ஏறும், அங்கேயே உட்கார்ந்துவிடும். இறக்கிவிட அவளுக்குத் தெரியாது.

"உன் கதையில ஒண்ணுக்காவது தலை கீற மாதிரி வாலும் கீதா?" என்று புருஷன் முனிரத்தினம் கேட்பான். அவன் கொத்தனார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாதிரி சுவர் பூசிக் கொடுக்கிறவன் வீட்டில், கட்டிய நாளிலிருந்து வெளிச்சுவர் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. திருப்பிக் கேட்கத் தனபாக்கியத்துக்கு வாய் துடிக்கும். ஆனால் தன் முதுகிலும் அழுக்கு இருக்கிறதே என்று அடக்கிக்கொள்வாள்.

அவளுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு சரிபார்க்கிற வேலை. காலையில் கம்பெனி பஸ் வரும். எழுதப்போகும் கதையை முதலில் அந்த பஸ்ஸில்தான் வாயால் சொல்லிப் பார்ப்பாள். அவள் தொண்டையைக் கனைத்தால் டிரைவர் ஹரிபாபு பாட்டை நிறுத்திவிடுவான். அவன் தெலுங்குக்காரன், தமிழ்க் கதை என்றால் இரண்டு காதும் பின்சீட்டில் இருக்கும்.

பக்கத்து சீட்டில் கேன்டீன் பொன்னியம்மா. அவளை வைத்துத்தான் தனபாக்கியம் கதையைத் தரம் பார்ப்பாள். பொன்னியம்மாவுக்கு பஸ் சக்கரம் உருண்டாலே கண் சொருகும். எந்த இடத்தில் அவள் தலை ஜன்னல் கம்பியில் மோதுகிறதோ, அந்த இடத்தை தனபாக்கியம் ஈவு இரக்கமில்லாமல் வெட்டிவிடுவாள். நிலாவை வர்ணித்து ஒரு பத்தி வைத்திருந்தாள், அவளுக்கே பிடித்த பத்தி. இரண்டாவது வரியில் 'டங்' என்று சத்தம் கேட்டது. நிலா போயே போய்விட்டது.

பஸ் கதையில் ஒரு வசதி உண்டு. கம்பெனி கேட் வந்தால் கதை நின்றுவிடும். "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே எல்லாரும் வருகை அட்டையைத் தேய்க்க ஓடுவார்கள். அந்த "அப்புறம்?" தனபாக்கியத்துக்கு வெல்லக் கட்டி. அது தீர்ந்துபோய்விடுமோ என்ற பயத்தில்தான் எதையும் முடிக்காமல் இழுத்தாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படியும் இருக்கலாம்.

இந்த இழுவை போன வருஷம் அவளை அழவைத்துவிட்டது. திருப்பதியில் ஒரு தமிழ் வாசகர் வட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, கதை எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு மேடையில் வாசிக்க வைப்பார்கள். தனபாக்கியமும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். வட்டத்தை நடத்துகிற கோவர்த்தனன் அவள் கதையைப் படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா. முடிவு எங்கே?" என்றார். அவள் போனை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். "முடிச்சு எடுத்துக்கிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்றார். மனுஷர் தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் திருப்பதி பஸ் நிலையத்தில் நின்று, கண்ணீர் வழிய வழிய ஒரு மிளகாய் பஜ்ஜியைத் தின்று முடித்தாள் தனபாக்கியம். காரத்தால் என்று நினைத்து ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்தாளாம். அன்றைக்கே தனபாக்கியம் ஒரு முடிவு எடுத்தாள்: அடுத்த வருஷமும் முடிக்க முடியவில்லை என்றால் போனில் இருக்கிற அத்தனை கதையையும் அழித்துவிட்டு, இனி எழுத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

அடுத்த வருஷமும் வந்துவிட்டது. இந்த வருஷக் கதை செண்பகம். எல்லைப்புற கிராமத்துப் பெண், முப்பதைத் தாண்டியவள். பெண் பார்க்க வருகிறார்கள், பஜ்ஜியும் கேசரியும் சாப்பிடுகிறார்கள், "வீட்டுக்குப் போய் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போகிறார்கள். சொல்லி அனுப்புவதே இல்லை. புத்தலப்பட்டிலிருந்து ஒருத்தன், சித்தூரிலிருந்து ஒருத்தன், காரில் ஒருத்தன், ஷேர் ஆட்டோவில் ஒருத்தன். தனபாக்கியம் ஒவ்வொருத்தனையும் ஒவ்வொரு அழகாகச் சொன்னாள். பஜ்ஜியை அமுக்கி எண்ணெய் பார்த்த மாமியாரைச் சொன்னபோது ஹரிபாபு சிரித்த சிரிப்பில் பஸ் கொஞ்சம் கோணலாகப் போனது. பொன்னியம்மா கேட் வரைக்கும் கண்ணை மூடவில்லை.

எல்லாம் சரி, முடிவு? கல்யாணம் ஆகிறது என்றால் சப்பென்று இருந்தது. செண்பகம் கிணற்றில் விழுகிறாள் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸே எழுந்து சண்டைக்கு வந்தது. "அவ மேல கை வெச்சே, உன்ன நடு ரோட்ல எறக்கி உட்டுருவேன்" என்றாள் பொன்னியம்மா. வேறு வழியில்லாமல் இன்னொரு மாப்பிள்ளையை அனுப்பிவைத்தாள் தனபாக்கியம்.

கோவர்த்தனனுக்கு போன் போட்டுக் கேட்டாள். "உங்க செண்பகத்துக்கு என்ன வேணும்னு தெரிஞ்சிக்கோங்கம்மா. அது தெரிஞ்சா முடிவு தானா வரும்" என்றார் அவர். தனபாக்கியம் "சரிங்க சார்" என்று வைத்துவிட்டு, "கல்யாணத்துக்கு நிக்கறவளுக்கு இன்னா வேணும்? புருஷன்தான் வேணும். இதுக்கொரு யோசனையா!" என்று அடுப்பங்கரையில் முணுமுணுத்தாள். நல்ல யோசனைதான். ஆனால் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போனது.

திருப்பதி கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மதியம், தனபாக்கியம் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பொன்னியம்மா.

"தனம், ஜல்தி சொல்லு. உன் செண்பகத்துக்கு இன்னா நட்சத்திரம்?"

"இன்னாக்கா கேக்கற?"

"காளஹஸ்தியில கீறேன்டி. எங்க பொண்ணு பிரியங்காவுக்கு ராகு கேது பூஜை. அப்டியே உன் செண்பகத்துக்கும் ஒரு டிக்கெட்டு வாங்கிட்டேன். உள்ள ஐயரு பேரு, நட்சத்திரம் கேப்பாரு."

தனபாக்கியத்துக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "யக்கா, அது கதைக்கா!"

"கதைன்னு எனக்குத் தெரியாதா? நான் இன்னா லூசா? கதையில கீறவளுக்கு தோஷம் இருக்கக் கூடாதா? அத்தினி பேரு வந்து பஜ்ஜி துன்னுட்டு போறான், ஒருத்தனும் திரும்பல. அது சர்ப்ப தோஷம் இல்லாம வேற இன்னா? உனக்கு முடிக்கத் தெரியல, நானாவது ஒரு வழி பண்றேன். சொல்லு ஜல்தி, செல்போன உள்ள உட மாட்டாங்க, கவுண்டர்ல குடுக்கணும்."

பின்னால் ஒரு குரல், "அம்மா, போன் இவ்வண்டி!" என்று போனைக் கொடுக்கச் சொல்லித் தெலுங்கில் அதட்டியது. வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவதும் கேட்டது.

இத்தனை மாதம் செண்பகத்தோடு குடித்தனம் நடத்திய தனபாக்கியத்துக்கு, அவள் எந்த நட்சத்திரத்தில் பிறந்தாள் என்று தெரியவில்லை. யோசிக்கவும் நேரமில்லை. "ஆயில்யம்" என்று வாயில் வந்துவிட்டது.

"அட, அதானே பாத்தேன்!" என்றாள் பொன்னியம்மா. "ஆயில்யம்னா மாமியாருக்கு ஆவாதுன்னுவாங்க. அதான் மாமியார்க்காரிங்க ஓடறாளுங்க. கோத்திரம் தெரிலன்னா சிவ கோத்திரம்னு சொல்லிக்கறேன். இன்னா வேண்டிக்கட்டும்? சீக்கிரம் கண்ணாலம் ஆவணும்னா?"

"இல்லக்கா."

சொன்னது தான்தானா என்று தனபாக்கியமே திடுக்கிட்டாள். மாவு கையோடு நின்றாள். அந்த நாற்காலிகள், அந்தத் தட்டுகள், வந்து போன அத்தனை முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. அவர்கள் பார்த்தார்கள், தின்றார்கள், கேட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று செண்பகத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. சொல்லிய தனபாக்கியமும் கேட்கவில்லை. அது உறைத்தபோது அவளுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"ஒரே ஒரு தபா அவ போயி மாப்பிள்ளைய பாக்கணும்க்கா. அவங்க வூட்டு பஜ்ஜிய துன்னணும்."

"நல்ல வேண்டுதலாத்தான் கீது. அப்டியே வேண்டிக்கறேன். இத பாரு, பூஜை முடிஞ்சா நேரா வூட்டுக்குப் போவணும். இன்னொரு கோயிலு, இன்னொருத்தர் வூடுன்னு வழியில எங்கயும் நிக்கக் கூடாது. உன் செண்பகத்துக்கும் அதான் கண்டிஷன், சொல்லிட்டேன்." போன் கவுண்டருக்குப் போய்விட்டது.

தனபாக்கியம் கையைக் கழுவினாள். மாவைக் கரைத்தவள் உப்புப் போட மறந்துவிட்டாள். மறுநாள் முனிரத்தினம் அந்த இட்லியைக் குறை சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்தான். எழுதுகிறவள் முகத்தைப் பார்த்தே கதை ஓடுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பஸ்ஸில் தொண்டையைக் கனைத்தாள். பாட்டு நின்றது. பொன்னியம்மா மடியில் காளஹஸ்தி பிரசாதப் பொட்டலத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். செண்பகம் தன் அம்மா, சித்தி, இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாரையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். கால்மேல் கால் போட்டு உட்காருகிறாள். தம்பிக்குச் சமைக்கத் தெரியுமா, எங்கே, கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்கள் என்கிறாள். அந்தப் பையன் வேர்த்து விறுவிறுத்து பஜ்ஜித் தட்டோடு வருகிறான். செண்பகம் ஒன்றை எடுத்து அமுக்கி எண்ணெய் பார்க்கிறாள். தின்று முடித்து, கையைத் துடைத்து, எழுந்து நிற்கிறாள். "வீட்டுக்குப் போய் சொல்லி அனுப்பறோம்."

பஸ் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "அப்புறம்?" என்றான் ஹரிபாபு. கேட் இன்னும் வரவில்லை, பாதி தூரம்கூடப் போகவில்லை.

தனபாக்கியத்துக்கு நாக்கு அரித்தது. இன்னொரு மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவள் பொன்னியம்மாவைப் பார்த்தாள். பொன்னியம்மா ஆள்காட்டி விரலை உயர்த்தினாள்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. நேரா வூட்டுக்கு வந்துட்டா. முடிஞ்சுது" என்றாள் தனபாக்கியம்.

அந்த ஞாயிறு திருப்பதியில் மேடை ஏறி அதையே வாசித்தாள். நெற்றியில் பொன்னியம்மா கொடுத்த காளஹஸ்தி விபூதி இருந்தது. செண்பகத்துக்கு வந்த பிரசாதம், ஆனால் செண்பகத்துக்கு நெற்றி ஏது? கடைசி வரியில் முன்வரிசை கைதட்டியது. கோவர்த்தனன் எழுந்து நின்று தட்டினார். "இருங்கம்மா, சாப்பிட்டுட்டு, எல்லாரும் சேர்ந்து ஃபோட்டோ எடுத்துக்கிட்டு, அப்படியே மலைக்கும் போகலாம்" என்றார்.

"இல்லீங்க சார். தோஷம் கழிஞ்சா நேரா வூட்டுக்குப் போவணும்" என்றாள் தனபாக்கியம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சத்தியவேடு பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். பஸ் நிலையத்தில் மிளகாய் பஜ்ஜி வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கும் நிற்கவில்லை.

வாசலில் முனிரத்தினம் பீடியும் கையுமாக நின்றிருந்தான். "இன்னா, வால் இருந்துதா?"

"இருந்துது. முடிச்சுட்டேன்" என்றாள் அவள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல், இடுப்பில் கைவைத்துப் பூசாத வெளிச்சுவரைப் பார்த்தாள். கீழிருந்து மேல்வரைக்கும், ஒவ்வொரு செங்கல்லாக, நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

முனிரத்தினம் பீடியைக் கீழே போட்டான். "மணல் கெடைக்கட்டும்டி" என்றான்.