தராதரம் தெரிந்த நாய்

எருத்தேன்பதியில் புது வீடு கட்டியதும், ஆள் வந்தால் குரைத்துச் சொல்ல ஒரு நாய் தேடினேன். நாட்டு நாய் வேண்டாமென்றேன். அது தராதரம் இல்லாமல் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். பொள்ளாச்சி போய் ஒரு ஜாதி நாய்க்குட்டி வாங்கிவந்தேன். வளர்ந்ததும் அது காரில் வருபவர்களுக்கு வாலாட்டியது. அழுக்கு வேட்டியைக் கண்டால் பாய்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள், தோட்டத்திலிருந்து இளநீர்க் குலையோடு வந்த என் அண்ணனை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டது. குலையை அங்கேயே வைத்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.

"கூறுகெட்ட நாயே!" என்று கம்பை ஓங்கினேன்.

"ஏனுங்க, அதை எதுக்கு அடிக்கறீங்க?" என்றாள் மனைவி. "நீங்க ஆரைப் பாத்து மொகஞ் சுளிக்கறீங்களோ, அவிங்களப் பாத்துத்தானுங்க அதுவும் கொரைக்குது."

கம்பைக் கீழே போட்டேன். அந்த நாயாவது அண்ணனைக் கண்டதும் கேட் வரை எழுந்து போனது. "உள்ள வாங்கண்ணா" என்று நான் அவரை ஒருநாளும் அழைத்ததில்லை.