பாம்புப் பெண்ணின் கால்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், சிலதை மறந்தே போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றிலிருந்து நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. எழுதினால் அடங்குமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் தங்கை மகள் செல்வி மதுரையில் ஒரு கம்பெனியில் போன் கேம் செய்கிற வேலை பார்க்கிறாள். நேற்று வந்தவள், நான் போனை முந்தானைக்குள் ஒளிப்பதைப் பார்த்துவிட்டாள். வேறொன்றுமில்லை, பலூன் உடைக்கிற ஆட்டம். மத்தியானச் சீரியல் முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் அதைத்தான் ஆடுவேன்.

“பெரியம்மா, ஒங்களுக்குன்னே ஒரு கேம் செஞ்சு தாரேன். எப்பிடி வேணும், சொல்லுங்க.”

வெட்கத்தை விட்டுச் சொன்னேன். “ஒரு கல்யாண வீடு. உள்ள போயி, ஒருத்தர் கண்ணுலயும் படாம பந்தியில சாப்பிட்டுட்டு வெளிய வந்துரணும். யாராச்சும் ‘நல்லாருக்கியா’ன்னு கேட்டுட்டா அவுட்டு.”

விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்ல ஜோடிதான் போங்க. பெரியப்பாட்டயும் கேட்டேன், ஆசுபத்திரியில இருந்தப்ப. ‘பொருட்காட்சியில பாம்பு ஒடம்புப் பொண்ணு இருப்பால்ல, அவளுக்குக் கால் மரத்துப் போறதுக்குள்ள கூட்டத்த வெளிய அனுப்பணும். அதான் கேமு’ன்னாரு.”

போன் கையிலிருந்து விழுந்தது. செல்வி அதை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாம்புப் பெண் நான். இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதே இல்லை. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

டெல்லி அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு முழங்கால் வலிக்கும். மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியில் என் தாய்மாமா போட்டிருந்த கொட்டகைக்குப் பக்கத்தில்தான் அப்பளக் கடை. உள்ளே ஒரு மரப்பெட்டி, அதன் மேல்பலகையில் ஓட்டை. பெட்டிக்குள் முட்டியை மடக்கி உட்கார்ந்து தலையை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். கழுத்தைச் சுற்றி, வைக்கோல் அடைத்த துணிப்பாம்பு. வழக்கமாக உட்காருகிற பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. மாமா என் அம்மா காலில் விழாத குறை.

“பத்தே பத்து நாளு, அக்கா. மூஞ்சி பூரா பச்சை பூசிருவோம், பெத்த நீயே கண்டுபிடிக்க மாட்ட.”

“வெளிய தெரிஞ்சா இவள எவன்டா கட்டுவான்?” என்றார் அம்மா. அப்போதுதான் பேரையூரிலிருந்து திருமங்கலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சரி என்று இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற நான் எப்படி உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். பச்சை பூசியதும் அது என் முகம் இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு இரண்டே பதில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பேர் என்ன என்றால் நாகராணி. ஏன் இப்படி ஆனாய் என்றால், பெற்றவர் பேச்சைத் தட்டினேன். வேடிக்கை பார்க்கத்தான் எல்லோரும் வருவது. ஆனால் நம் பெண்களுக்குப் பாம்பைக் கண்டால் கை சும்மா இருக்காதே. டம்ளரில் பால் வைத்தார்கள், மஞ்சள் தூவினார்கள். எனக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வரும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ஓர் அம்மாள் முன்னால் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தாயி, எம்மகனுக்குத் திருமங்கலத்துல ஒரு பொண்ணப் பாத்துருக்கோம். குனிஞ்ச தல நிமிரல, கேட்டதுக்குப் பதிலும் இல்ல. ஊமையோன்னு பேசிக்கிறாக. கட்டலாமா, விட்ரலாமா? நீதான் சொல்லணும்.”

அந்தத் திருமங்கலத்துப் பெண் நான்தான். திரை ஓரத்தில் மாமாவுக்கு முழி பிதுங்கியது. அந்த அம்மாளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர். பெண் பார்க்க வந்த அன்று நான் அவருடைய கால் விரல்களைத்தான் பார்த்திருந்தேன். இப்போதுதான் முகம். அவரோ என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு பேசும்,” என்றேன்.

அவ்வளவு பேரையும் வைத்துக்கொண்டு நானா பேசினேன்? கூட்டம் நெருக்கியது. “எனக்கும் சொல்லு தாயி, எம்மருமக எப்பத் திரும்பி வருவா?”

வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பி இரண்டு கையையும் விரித்தார். “போதும்ண்ணே, எல்லாரும் வெளிய வாங்க. உள்ள காத்தே இல்ல. ஆத்தா, நீயும் வா.”

“மாப்ளைக்கு மட்டும் நல்ல வாக்கு வந்துருச்சு, எங்களத் தொரத்துறாரு!” என்று ஒருவர் கத்தினார். இவர் கேட்கவில்லை, கடைசி ஆள் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார். மாமா என்னைத் தூக்கி வெளியே நிறுத்தினார். கால் நிற்கவில்லை, மடங்கி விழுந்தேன்.

ஆவணியில் கல்யாணம். “நாகம்மா சொல்லித்தான் இவளக் கட்டுனோம்” என்று என் மாமியார் சாகும்வரை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். நான் பரிமாறிக்கொண்டிருந்தால் கரண்டியை ரசத்துக்குள்ளேயே விட்டுவிடுவேன். தெய்வம் என்று கும்பிட்டது மருமகளைத்தான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? என் வீட்டுக்காரர் மட்டும் தலை நிமிராமல், “இன்னங்கொஞ்சம் ரசம் ஊத்து” என்பார். வருடா வருடம் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போவார். ராட்டினம் சுற்றுவோம். பாம்புக் கொட்டகை வந்தால், “இங்க என்ன கெடக்கு, வா அப்பளம் திம்போம்” என்று கையைப் பிடித்து இழுத்துப்போவார். நல்லவேளை, ஒன்றும் தெரியவில்லை என்று நான் மூச்சு விடுவேன்.

இப்போது அந்தக் கொட்டகைகள் இல்லை. கண்ணில் பெட்டி மாதிரி ஒரு கண்ணாடி மாட்டிவிட்டுப் பேய் காட்டுகிறார்கள். மாமா இல்லை, மாமியார் இல்லை. அன்றைக்கே தெரிந்துதான் கூட்டத்தை விரட்டினாரா, இல்லை, யார் பெற்ற பிள்ளையோ கால் மரத்துக் கிடக்கிறதே என்று செய்துவிட்டு, பிறகு தெரிந்துகொண்டாரா? கேட்க அவரும் இல்லை.

இதைச் செல்விதான் டைப் அடிக்கப் போகிறாள். நாள், இடமெல்லாம் சரியா என்று பார்த்துக்கொள், செல்வி. பெரியப்பா அந்தக் கேமைச் சொன்னபோது சிரித்துக்கொண்டு சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் நன்றாக யோசித்து, இதற்குக் கீழே நீயே எழுதிவிடு.