எது அடைமழை

ஓட்டு வீடு கட்டினேன். அரவை மில் வைத்தேன். குடவாசல் கடைத்தெருவில் உரக்கடை போட்டேன். இரண்டு பெண்களையும் கல்லூரிக்கு அனுப்பினேன். பண்ணையாள் மகனாகப் பிறந்து மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எவரும் கைதூக்கி விடவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

குத்தகைச் சட்டம் வந்து என் பெயர் பதிவேட்டில் ஏறிய புதிது. முதல் சம்பா. ஐப்பசியில் பிடித்த மழையில் நட்ட பயிர் முங்கிவிட்டது. அழுகினால் குத்தகை அளக்க வழியில்லை; நிலம் பண்ணைக்கே திரும்பிவிடும். என் வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவில் பண்ணையாரின் சொந்த வயல். அடைமழை என்றால் மேல்வயல்காரன் கேட்காமலே கீழ்வயல் வரப்பை வெட்டலாம் என்பது எங்கள் ஊர் ஏற்பாடு. வெறும் பெருமழைக்கு வெட்டினால் குற்றம்.

பண்ணையாரிடம் போய் நின்றேன்.

"தெருவுல சைக்கிள் போவுது. இது என்னடா அடைமழை?" என்றார்.

அப்படியானால் எதுதான் அடைமழை? ஊரெல்லாம் விசாரித்தேன். ஆளுக்கொரு அர்த்தம். மீன் பிடிக்கிறவர், விரால் வரப்பேறினால்தான் என்றார். என் மனைவியைக் கேட்டேன்.

"அடுப்புக்குள்ள தவளை உக்காந்துருக்கு. இன்னும் எதைப் பாக்கணும் உங்களுக்கு?"

குனிந்து பார்த்தேன். கூரை ஒழுகவில்லை, அடுப்புக்குள் தண்ணீர் நின்றது. கீழிருந்து ஊறியிருக்கிறது. அப்போதுதான் உறைத்தது: மேலே எவ்வளவு கொட்டுகிறது என்பதில்லை விஷயம். மண் இனிமேல் குடிக்காது என்றால் அது அடைமழை.

பண்ணையாரின் நெற்களத்து மேட்டிலேயே முழங்கை ஆழம் குழி தோண்டினேன். "இந்த மேட்டுலயே அடியிலேருந்து தண்ணி ஊறுனா அடைமழைதானேய்யா?" என்றேன்.

"மழைத்தண்ணி உள்ள வுழும். அதை ஊத்துன்னு சொல்லுவே நீ" என்றார் பண்ணையார்.

"அப்ப உங்க அண்டாவைக் குடுங்கய்யா, கவுத்து வைப்போம்."

சிரித்துக்கொண்டே கொடுத்தார். கவிழ்த்து, சுற்றிலும் மண் அணைத்தேன்.

மறுநாள் காலை அவரே அண்டாவைத் தூக்கினார். குழியில் விளிம்புவரை தண்ணீர். விரலை விட்டுப் பார்த்தார். தன் ஆளைக் கூப்பிட்டு, "மம்பட்டிய எடு, ரெண்டு வரப்பையும் வெட்டி வுடு" என்றார். பயிர் தலைதூக்கியது.

அதன்பிறகு தகராறு வந்தால் எங்கள் ஊரில் களத்தில் குழி தோண்டித்தான் பார்க்கிறார்கள். போன மழைக்கு வந்த விவசாய அதிகாரியிடம், "இது முன்னோர் காட்டுன வழிங்க" என்று ஊராட்சித் தலைவர் சொல்கிறார், அவரும் எழுதிக்கொள்கிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். முன்னோர் யாரும் தோண்டவில்லை. தோண்டியது நான். அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும்.