பிரேக்குக்கு மேலே ஒரு கால்

முசரவாக்கம் தாண்டியதும் லாரி டிரைவர், வேகத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும் கை ஆக்சிலேட்டரை இழுத்து வைத்துவிட்டு, மிதியிலிருந்து வலது காலை எடுக்கிறார். வேகம் குறையவில்லை. மேடு வந்தால் எஞ்சின் தானே டீசலைக் கூட்டிக்கொள்கிறது. ஆனால் அவருடைய வெறுங்கால் மட்டும் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது.

“காலைக் கீழே வைக்கலாமே?” என்கிறேன்.

“வச்சா கால் தூங்கிடும் சார். அப்பால நானும் தூங்கிடுவேன். வண்டி மட்டும் அதே வேகத்துல போய்க்கினே இருக்கும்.”

பெரிய காஞ்சிபுரத்தில், தெருவின் நீளத்துக்குப் பட்டுச் சேலைக்கான பாவு நூலை விரித்து நெசவாளர்கள் இழை சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். வழியில்லை. எனக்கு அவசரம், கடிகாரத்தைப் பார்க்கிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைக்கிறார், காலைத் தரையில் வைக்கிறார், கண்ணை மூடிக்கொள்கிறார்.